வடச்சட்டியில் தாய்லாந்துக் கோழி: செய்து பார்த்தவர்கள் சொன்னவை

காலிங்கராயன் கரை (ஈரோடு):

வடச்சட்டியில் வறுக்கிற இந்தத் தாய்லாந்துக் கோழிக்கு பாட் கப்ராவ் என்று பெயர். ஆர்டர் சொன்ன பிறகு வறுத்துத் தருகிற சின்னக் கடைகள் தாய்லாந்தில் ஏராளம். அங்கே போய் உட்கார்ந்து என்ன சொல்வதென்று யோசனை வராதவர்கள் இதைத்தான் சொல்வார்களாம். இடித்த பூண்டும் மிளகாயும், கொத்திய கோழிக்கறி, மீன் சாஸ், சிப்பியில் செய்கிற ஆய்ஸ்டர் சாஸ், துளி சர்க்கரை, இறக்கும்போது ஒரு கை இலை. சோற்றுக்குப் பக்கத்தில் கொட்டி, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை ஒன்றை மேலே வைத்துவிடுவார்கள். அடுப்பில் இருப்பது ஐந்து நிமிடம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இது அடிக்கடி நடக்கிறது. நம் ஊர் அடுப்பில், நம் ஊர்க் கறியில் செய்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள். என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் எங்களுக்குப் பள்ளிபாளையம். அந்த ஊர்க் கோழியில் என்ன இருக்கிறது? விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு. மல்லித்தூள், பட்டை, தக்காளி எதுவும் கிடையாது. மசாலா இல்லாமல் மிளகாயையும் கறியையும் மட்டும் நம்பிச் சமைக்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் சாமான் பட்டியலைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. ஆனால் பள்ளிபாளையம் செய்து பழகிய கை இதில் வேறு மாதிரி குறுக்கே வருகிறது. கறியை மொத்தமாகப் போட்டு, உப்பைத் தூவி, மூடி, அது விடுகிற தண்ணீரிலேயே வேகவிட்டு, அப்புறம் சுண்ட வைப்பது நம் வழக்கம். இதில் அந்தத் தண்ணீர்தான் எதிரி. சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து அந்த வறுத்த வாசம் வர அதைவிட ரொம்பவே சூடு வேண்டும், 140 டிகிரியை ஒட்டியாவது.

ஆகவே கழுவிய கறியை வடிதட்டில் போட்டு, துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். ஒரு தடவைக்கு 250 அல்லது 300 கிராம், அதற்கு மேல் போடுவதில்லை. ஐந்து பேருக்குச் செய்வதென்றால் ஈடு ஈடாகத்தான். ஹோட்டல் அடுப்பின் தீ வீட்டுப் பர்னரைப் போலப் பல மடங்கு. நம் கையில் இருக்கிற ஒரே வழி கறியைக் குறைத்துப் போடுவது. இரும்பு வடச்சட்டி புகை லேசாக எழும்பும்வரை காய வேண்டும். மூடி சமையலறையிலேயே வேண்டாம், யாராவது எடுத்து மூடிவிடுவார்கள்.

இதில் என் மாமியாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஏங்கண்ணு, அஞ்சு நிமிசத்துல கோழி எப்புடி வேகும்?" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"வெந்துருமுங்க அத்தை, கொத்திப் போட்டிருக்கறனுங்க."

"எதுக்கும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி ஒரு கொதி வுடு."

அவர் சமைத்துப் பழகியது நாட்டுக்கோழி. அதை ஐந்து நிமிடத்தில் இறக்கினால் பல்லுக்குத்தான் வேலை. இப்போது கடையில் தொங்குவது ஏறக்குறைய நாற்பது நாள் வளர்ந்த கறிக்கோழி. அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கொத்திப் போட்டால் மூன்று நாலு நிமிடத்தில் உள்ளே வரை வெந்துவிடுகிறது. ஒரு துண்டை நசுக்கிக் காட்டினேன், நடுவில் சிவப்பு இல்லை. சரி என்று போய்விட்டார், ஆனால் அன்றைக்கு அவர் முட்டையும் சோறும் ரசமும்தான் சாப்பிட்டார்.

இலைதான் பெரிய சங்கடம். அந்தச் சமையலுக்கு உரிய கப்ராவ் இலை நம் துளசியேதான், ஒரே இனம். அங்கே வளர்கிற வகையில் காரமும் கிராம்பு வாசமும் தூக்கலாக இருக்கும் என்பதுதான் வித்தியாசம். வாசலில் மாடம் கட்டித் தினமும் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிற செடியைப் பறித்துக் கோழியில் போடுவதா? நான் அத்தையிடம் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் அடுப்பையே அணைத்திருப்பார். எனக்கும் மனசு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருநீற்றுப்பச்சிலை போடுகிறேன். சப்ஜா விதை கொடுக்கிற செடி. அதன் உறவுக்கார இலையான ஹோரபாவைப் போட்டும் தாய்லாந்தில் இதேபோல வறுக்கிறார்கள், ஆனால் அது பாட் கப்ராவ் ஆகாது. சோம்பு வாசம் கலந்த, கொஞ்சம் இனிப்பான வேறொரு சாப்பாடு. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

நூல்கண்டு (திருப்பூர்):

பின்னலாடைத் தொழில் விஷயமாக பாங்காக் போய் வருகிறவன். தங்குகிற இடத்துக்குக் கீழே ஒரு அம்மா தள்ளுவண்டியில் இதைப் போடுவார். பாஷை தெரியாது, விரலால்தான் பேச்சு. மிளகாய் எத்தனை என்று விரல் விட்டுக் கேட்டார். நான் நம்ம ஊர்க் கெத்தில் பத்து விரலையும் காட்டினேன். சிரித்துவிட்டு எத்தனை போட்டார் என்று தெரியாது, சாப்பிடச் சாப்பிடக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அவரைக் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. அடுப்பைப் பற்றவைத்த பிறகு அவர் எதையும் தேடுவதில்லை. பாட்டில், கரண்டி, இலை எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். நம் வீட்டில் எண்ணெய் காய்கிற நேரத்தில்தானே பூண்டு உரிக்க உட்காருவோம்? இதில் அந்தப் பாச்சா பலிக்காது. பூண்டு அரை நிமிடத்தில் கருகிவிடும்.

மீன் சாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நெத்திலி மாதிரிப் பொடி மீனை உப்பில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் புளிக்கவிட்டு வடிக்கிற சாறு அது. ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்ததும் என் சம்சாரம், "என்னங்க இது, கருவாட்டுச் சந்தையில மழ பேஞ்ச மாதிரி!" என்று கேட்டுவிட்டு பாட்டிலைப் பால்கனியில் வைத்துவிட்டார். காய்ந்த சட்டியில் அது பட்டதும் அந்த நாற்றம் போய்விடும், வெறும் ருசி மட்டும் நிற்கும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். மீன், உப்பு, சர்க்கரை என்று சுருக்கமாக இருந்தால் நல்லது.

இன்னொன்று, தட்டைப்பயறுக் காய் மாதிரி நீளக் காயை நறுக்கிப் போடலாமா கூடாதா என்று அந்த ஊரிலேயே பெரிய சண்டை. வெங்காயம், பேபிகார்ன் போட்டால் சிலருக்குக் கோபமே வருகிறது. பள்ளிபாளையத்தில் தக்காளி போட்டவனை நாம் பார்க்கிற பார்வைதான்.

அமராவதி (கரூர்):

துளசியும் வேண்டாம், பச்சிலையும் கிடைக்காது என்று எங்கள் வீட்டில் கறிவேப்பிலையைப் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது சாஸ் ஊற்றிய பள்ளிபாளையம், அவ்வளவுதான். தாய்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

மிளகாய் விஷயத்தில் எங்களுக்குக் கவலை இல்லை, பாலக்காட்டுப் பக்கம் இருப்பதால் காந்தாரி மிளகாய் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. அங்கே போடுகிற குட்டி மிளகாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வருவது அதுதான். கடையில் வாங்குகிற நீளப் பச்சைமிளகாயில் காரம் வரும், அந்தப் பழவாசம் வராது. மிளகாயையும் பூண்டையும் மிக்சியில் அடிக்காதீர்கள். விழுதாகிவிட்டால் சட்டியில் ஒட்டிக் கருகும், எண்ணெயோடு சேராது. சின்ன உரலில் நாலு இடி போதும், ஒன்றிரண்டாக இருக்க வேண்டும். அது எண்ணெயில் விழுகிற நேரம் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் இருமுவார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

எண்ணெய்: செக்குக் கடலெண்ணெயைப் பெருமையாகச் சொல்வோம், நானும்தான். ஆனால் சுத்திகரிக்காத கடலெண்ணெய் 160 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிக்கும். சுத்திகரித்தது 230 டிகிரி வரை தாங்கும். இந்த ஒரு சமையலுக்கு மட்டும் ரீபைண்டு எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். மரச்செக்கு ஆட்கள் என்னைத் திட்டலாம்.

சர்க்கரைக்கு அங்கே பனை, தென்னைச் சர்க்கரையும் புழக்கத்தில் உண்டு. நமக்கென்ன குறை? தென்னங்கருப்பட்டியைச் சீவிப் போட்டேன், மீன் சாஸின் உப்போடு அது நன்றாகப் பொருந்துகிறது.

ஐடி விடுதி (சரவணம்பட்டி):

எனக்கு இருப்பது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு தட்டைச் சட்டியும். அதனால் நான் செய்வது முந்திரிக் கோழி. அதுவும் தாய்லாந்து வறுவல்தான், துளசிப் பிரச்சினையே கிடையாது. முதலில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் வரமிளகாயை முழுசாகப் போட்டு, நிறம் மாறியதும் அதையும் எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் கோழி, பெரிய வெங்காயம், ஆய்ஸ்டர் சாஸ், கொஞ்சம் சோயா சாஸ். கடைசியில் முந்திரியையும் மிளகாயையும் திரும்பச் சேர்த்து ஒரு பிரட்டு. மிளகாயை முதலிலேயே விட்டுவிட்டால் கறுத்துக் கசக்கும். இண்டக்‌ஷனில் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போடக் கூடாது, தூக்கினால் சூடே நின்றுவிடும். கரண்டியால்தான் கிளற வேண்டும். 150 கிராம் கறிக்கு மேல் என் சட்டி தாங்காது.

கறிக்கடைக் கதைதான் பெரிய கதை. எலும்பில்லாத கறி என்றால் எல்லாக் கடையிலும் நெஞ்சுக்கறியைத்தான் எடுக்கிறார்கள். இந்த வறுவலில் நெஞ்சுக்கறி ஒரு நிமிடம் கூடினாலும் சக்கையாகிவிடும். தொடைக்கறியை எலும்பெடுத்துத் தாங்க என்று கேட்டால், "தொடைல எலும்பெடுத்தா வேற என்னம்மணி இருக்குது?" என்கிறார் கடைக்காரண்ணன். இப்போதெல்லாம் முழுத் தொடையாகவே வாங்கிவந்து நானே எலும்பெடுத்துக் கொத்திக்கொள்கிறேன். எலும்பு சூப்புக்கு ஆயிற்று.

பச்சைமலை (கோபி):

காலிங்கராயன் கரை அக்கா, இரண்டு சந்தேகம் இருக்குங்க. அளவு சொல்லவே இல்லை நீங்கள். அப்புறம், எங்கள் வீட்டில் புழுங்கலரிசிதான். அதோடு சேருமா?

காலிங்கராயன் கரை (ஈரோடு):

அளவு சொல்கிறேன் தம்பி. 300 கிராம் கொத்திய தொடைக்கறிக்கு நம்ம பூண்டில் எட்டுப் பல், காந்தாரி மாதிரி மிளகாய் ஆறு. ஆய்ஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் இரண்டு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், நிறத்துக்குக் கறுப்பு சோயா சாஸ் அரை டீஸ்பூன். சாஸ்களையும் சர்க்கரையையும் மட்டும் முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துவிடுங்கள். உப்பு தனியாக வேண்டாம், ஒரு கல்கூட வேண்டாம். சாஸ்களில் இருப்பதே போதும். வீட்டில் கை பழக்கத்தில் உப்பு போடுகிறவர்கள் இருந்தால் டப்பாவை நகர்த்தி வையுங்கள். எங்கள் வீட்டில் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சரக்கு. கறி சிவந்த பிறகுதான் கிண்ணத்தைச் சாய்க்க வேண்டும், அரை நிமிடத்தில் சுண்டிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு இரண்டு பிரட்டு, அந்தச் சூட்டிலேயே வாடிவிடும்.

அரிசிக்கு வருகிறேன். அங்கே சாப்பிடுவது மல்லிகை வாச அரிசி, பச்சரிசி வகை. நம் பொன்னிப் பச்சரிசி ஓரளவு பக்கத்தில் வருகிறது. புழுங்கல் சோறு தனித்தனியாக நிற்பதால் சட்டியில் மிச்சமிருக்கிற சாறு அதில் ஒட்டாது, தட்டில் ஓடிவிடும். ஆனால் புழுங்கலுக்கு முட்டை கைகொடுக்கும். எண்ணெய் தாராளமாக ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு உடைத்து ஊற்றுங்கள், வெள்ளைக்கரு பொங்கி ஓரம் சிவக்கும். மஞ்சள்கரு இறுகுவதற்குள் எடுத்துச் சோற்றின் மேல் உடைத்துவிட்டால் எந்த அரிசியும் இறங்கும். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்கு யோசிக்கக் கூடாது.

சீரகச் சம்பாவில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். அதன் வாசமும் இலையின் வாசமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நூல்கண்டு (திருப்பூர்):

மேசையில் ஒரு கிண்ணம் வைப்பார்களே, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மீன் சாஸில் மிளகாயை வட்டவட்டமாக நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தது. ஊறுகாய் மாதிரி ஓரமாகத் தொட்டுக்கொள்வதற்கு. என் பையன் இப்போது தயிர்சோற்றுக்கும் அதைக் கேட்கிறான்.

பச்சைமலை (கோபி):

நன்றிங்க அக்கா, அண்ணா. மீன் சாஸ் பாட்டிலை பிரிஜ்ஜில் வைக்கணுமா? எங்கம்மாயி பிரிஜ்ஜுப் பக்கமே விடமாட்டேன் என்கிறார், பால் கெட்டுப்போகும் என்று.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

மீன் சாஸ் வெளியிலேயே இருக்கலாம் தம்பி, அவ்வளவு உப்பில் சீக்கிரம் எதுவும் ஆகாது. வெயில் படாத அலமாரி போதும். ஆய்ஸ்டர் சாஸைத் திறந்துவிட்டால் மட்டும் பிரிஜ்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியில் விட்டால் பூஞ்சை வரும். அது நாற்றம் அடிக்காது, அம்மாயியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.