ரூபிடியம் லேசர் சோதனை: நான்கு பள்ளங்கள் வருகின்றன, நுண்முகடுகளைக் காணோம்

கேள்வி:
இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காக 780 நானோமீட்டர் டயோடு லேசர், ரூபிடியம் ஆவிக் குப்பி இரண்டையும் வைத்து ஒரு நிறமாலைச் சோதனை அமைத்திருக்கிறோம். அலைநோக்கியில் ரூபிடியம் 85, 87 இரண்டுக்குமான நான்கு டாப்ளர் பள்ளங்கள் (அணுக்களின் ஓட்டத்தால் அகன்றுபோன உட்கவர் பள்ளங்கள்) பளிச்சென்று தெரிகின்றன. அவற்றுக்குள் எழ வேண்டிய நுண்முகடுகள், அதாவது அணுவின் ஆற்றல் தாவல்களைப் பிரித்துக் காட்டும் குறுகிய முகடுகள், ஒன்றுகூட இல்லை. லேசரின் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அலசும் முக்கோண அலை 100 ஹெர்ட்ஸ். அலசும் அகலம் சுமார் 8 கிகாஹெர்ட்ஸ். அடுத்த வாரம் புதிய குழு வருகிறது. உதவுங்கள்.

பதில் 1:
குப்பிக்குள் எதிரெதிராகச் செல்லும் இரண்டு கற்றைகளும் (அணுக்களைக் கிளர்த்தும் பம்ப் கற்றை, நாம் அளக்கும் ஆய்வுக் கற்றை) ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா? அகச்சிவப்பு அட்டையைக் குப்பியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஆய்வுக் கற்றை பம்ப் கற்றையைவிட நன்கு வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன்: இந்த ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். அதை நம்பி எவரும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

கேட்டவர்:
இரு முனைகளிலும் பொருந்துகின்றன ஐயா. ஆய்வுக் கற்றை 20 மைக்ரோவாட், பம்ப் அதைப்போல் பத்து மடங்கு.

பதில் 2:
அப்படியானால் கண்ணாடிகளைத் தொடாதீர்கள். ஒளியை அளக்கும் ஃபோட்டோடையோடுக்கு எத்தனை ஓம் சுமை? கேபிள் எவ்வளவு நீளம்?

கேட்டவர்:
100 கிலோ ஓம். கேபிள் மூன்று மீட்டர்.

பதில் 2:
வில்லன் அதுதான். கேபிளும் டையோடும் அலைநோக்கியும் சேர்ந்து 400 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், நேர மாறிலி (மாற்றத்துக்கு ஈடுகொடுக்கச் சுற்று எடுக்கும் நேரம்) 40 மைக்ரோவினாடி. நீங்கள் 5 மில்லிவினாடியில் 8 கிகாஹெர்ட்ஸைக் கடக்கிறீர்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அகல முகடு 6 மைக்ரோவினாடியில் ஓடிவிடும். சுற்று அதை மழுங்கடித்துவிடும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலப் பள்ளத்துக்கு 300 மைக்ரோவினாடி கிடைப்பதால் அது தப்பிக்கிறது. சுமையை 10 கிலோ ஓமாகவும் அலசலை 10 ஹெர்ட்ஸாகவும் குறையுங்கள். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகும். அலைநோக்கியின் அளவை அதற்கேற்ப மாற்றுங்கள். இந்தக் கணக்கை மாணவர்களையே போடவிடுங்கள், ஆர்.சி. (மின்தடை, மின்தேக்கி) சுற்று அவர்கள் படித்ததுதானே.

கேட்டவர்:
முகடுகள் வந்துவிட்டன! ஆனால் ரூபிடியம் 87-இன் எஃப்=2 (அணுவின் கீழ்நிலை மட்டங்களில் ஒன்று) பள்ளத்தில் மூன்றுக்குப் பதில் ஆறு. அதிர்வெண் ஏறும் பக்கத்தில் கடைசிக்கு முந்தையதுதான் மிக உயரம். ஏதேனும் எதிரொளிப்பா?

பதில் 1:
எதிரொளிப்பு அன்று, மூன்று உண்மையானவை, மூன்று குறுக்கு முகடுகள். நகரும் அணு பம்பை ஒரு தாவலிலும் ஆய்வுக் கற்றையை வேறொரு தாவலிலும் உட்கவர்வதால் இரண்டுக்கும் சரிபாதியில் எழுபவை. மேல்நிலையின் 2, 3 மட்டங்களுக்கிடையே 267 மெகாஹெர்ட்ஸ்; அந்த உயரமான முகடு கடைசி முகட்டிலிருந்து சுமார் 133 தள்ளி நிற்கும். மாணவர்களிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தை அச்செடுத்து அளவுகோலைக் கையில் கொடுங்கள். எவை பாதியில் நிற்கின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.