3-3 சமநிலையில் டாட்டன்ஹாம் வென்றது எப்படி?

கேள்வி: ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2018-19 அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் அயாக்ஸ் 3, டாட்டன்ஹாம் 3 என்றுதான் வருகிறது. கூடுதல் நேரமே ஆடாமல் டாட்டன்ஹாம் இறுதிக்குச் சென்றது எப்படி?

பதில்: நண்பரே, மொத்த கோல்கள் சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணியே முன்னேறும் என்பது அன்றைய விதி. டாட்டன்ஹாமின் ஊரான லண்டனில் அயாக்ஸ் அடித்தது 1. அயாக்ஸின் ஊரான ஆம்ஸ்டர்டாமில் டாட்டன்ஹாம் அடித்தது 3.

பதில்: அந்த மூன்றையும் அடித்தவர் லூகாஸ் மௌரா. இடைவேளையில் 0-2 எனப் பின்தங்கியிருந்த அணிக்காக அவர், வீணான நேரத்துக்கு ஈடாக 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில், அதாவது 96ஆவது நிமிடத்தில் இடது காலால் தாழ்வாக உதைத்த பந்து வலைக்குள் உருண்டதும், அயாக்ஸ் வீரர்கள் அப்படியே புல்தரையில் சரிந்தார்கள். (இறுதிப் போட்டியில் டாட்டன்ஹாம் லிவர்பூலிடம் 0-2 எனத் தோற்றது வேறு கதை.)

பதில்: 2021-22 பருவம் முதல் அவ்விதி நீக்கப்பட்டுவிட்டதால், இன்று அதே நிலை வந்தால் 30 நிமிடக் கூடுதல் நேரம் ஆட வேண்டும். என்னைக் கேட்டால், அதுவே நியாயம்.