புதுப்பிப்பு: மேல்மண் குவியலின் அரிப்பும் டீசல் தொட்டியும்

அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில், கல்லெடுக்கத் தோண்டி அகற்றிய மேல்மண் குவியலிலிருந்து சேற்றுநீர் அருகிலுள்ள ஏரிக்குள் இறங்குவதைப் பற்றி ஆகஸ்டில் கேட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு கனமழைகளைப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

சேறு அடியில் படியும்படி நீரைத் தேக்கிவைக்கும் படிவுக்குளத்தைப் பெரிதாக்கப் பலரும் சொன்னீர்கள். ஆனால் பிழை குவியலின் உச்சியில்தான் இருந்தது. அங்கே தேங்கிய நீர் விளிம்பை உடைத்துக்கொண்டு இறங்கியதே சரிவை அரித்திருக்கிறது. ஆகவே உச்சியை உட்புறமாகச் சாய்த்து, விளிம்பில் மண்வரப்பு எழுப்பி, நீரைக் கல் பாவிய வாய்க்கால் வழியாக அடிவாரத்துச் சுற்றுவடிகாலுக்கு இறக்கினோம். சரிவில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். அது வேர்பிடிக்கும்வரை தென்னைநார் விரிப்பே மண்ணைத் தாங்குகிறது. படிவுக்குளத்தைத் தூர்வாரியதோடு நிறுத்திக்கொண்டோம்.

என்னை மிகவும் கலங்கச் செய்தது டீசல் தொட்டிதான். டீசல் கசிந்தால் வெளியே ஓடாதபடி, தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும் சுற்றுச்சுவர் கட்டியிருந்தும், மழைநீர் வடிவதற்கென்று அதன் வால்வைத் திறந்தே விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சுவர் இருந்தும் இல்லாததே. இப்போது வால்வு பூட்டப்பட்டிருக்கிறது. தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் இல்லையென்று மேற்பார்வையாளர் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே திறக்கிறார்கள். வடக்குச் சரிவின் வேலை மட்டும் மழை ஓய்ந்தபின் தொடங்கும்.