புதுப்பிப்பு: மணற்கோட்டைத் திருவிழாவுக்குப் போய் வந்தாச்சு

மணற்கோட்டைத் திருவிழாவில் ஒரு நாள் முழுக்கப் பார்க்க என்ன இருக்கும், சீக்கிரமே சலித்துவிடாதா என்று கேட்டிருந்தேன் இல்லையா, போய் வந்துவிட்டேன். சலிக்கவில்லை. ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், ஏனென்றால் முடிந்த கோட்டையைவிட அது எழும்புவதைப் பார்ப்பதில்தான் சுவாரசியம்: அடியில்லாத மரச்சட்டத்துக்குள் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, நன்றாக இடித்து இறுக்கி, அதன்மேல் சின்னச் சட்டம் வைத்து மறுபடி அதையே செய்கிறார்கள். அப்புறம் சட்டத்தைக் கழற்றி உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்குகிறார்கள், உதிர்கிற மணல் முடித்த வேலைமேல் விழக்கூடாதே. ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த துகள்களை ஒருவர் உறிஞ்சுகுழாயால் ஊதி ஊதித் தள்ளினார், அதை மட்டுமே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பசை கலப்பார்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கட்டும்போது வெறும் தண்ணீர்தான். துகள்களுக்கு இடையே நிற்கும் துளி நீரின் பரப்பு இழுவிசைதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. மணல் முழுக்க நீரில் மூழ்கினால் அந்தப் பிடி போய்விடும், அலை தொட்டதும் சரிவது அதனால்தான். பல நாள் நிற்க வேண்டிய சிற்பங்களுக்குக் கடைசியில் நீர்த்த பசையைத் தெளிப்பதுண்டு.

குழந்தைகள் பகுதியில் ஒரே கூச்சல், நழுவிவிட்டேன். தொப்பி கட்டாயம், நிழலே கிடையாது. பரிசு அறிவிப்புக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அது இழுத்துக்கொண்டே போகிறது.