வெளிறலா, அணைவா, நூர்வா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒளிரும் மூலக்கூறு ஒளி பட்டுப் பட்டு ஒளிர்வதையே நிறுத்திவிடுவதை (photobleaching) 'ஒளிவெளிறல்' என்கிறோம். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு தகராறு. துணியில் சாயம் வெளிறுவது மெல்ல மெல்ல. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து மங்கும்போது அந்தச் சொல் சரி. தனி மூலக்கூறு அப்படி மங்காது. லேசர் ஒளியில் சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டுச் சட்டென்று அவிந்துவிடும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இரவில் எதிர்மலை லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? மூடுபனியில் எல்லா விளக்கும் கலந்து ஒரே வெளிச்சத் திட்டாகத் தெரியும். எத்தனை விளக்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு காம்பராவிலும் (அறையிலும்) விளக்கு அணைய அணைய, திட்டு ஒரு படி மங்கும். படிகளை எண்ணினால் விளக்குகளின் கணக்கு வந்துவிடும். உல்பிரிக், ஐசகாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் செய்தது இதைத்தான். தவளை முட்டைக்கல மென்சவ்வில் உள்ள புரதங்களின் துணையலகுகளில் (ஒரு புரதமாகச் சேரும் தனித்தனித் துண்டுகளில்) பச்சை ஒளிர்புரதத்தை (GFP) பொருத்தி, ஒளி இறங்கும் படிகளை எண்ணினார்கள்.

அப்போ 'ஒளியணைவு' என்று வைக்கலாமே என்றால், தமிழ்நாட்டு வேதியியலில் complex என்பதற்கு 'அணைவுச் சேர்மம்' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புரத அணைவின் ஒளியணைவு என்று எழுதினால் மாணவர் தலை சுற்றும்.

விளக்கை அணைப்பதற்கு யாழ்ப்பாண நண்பர் சொன்ன 'நூர்' எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் 'அமத்து' என்றுதான் சொல்வோம், ஆனாலும் நூர்தல் அகராதியில் உள்ள பழைய சொல். வேறு துறை எதுவும் அதைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஒளி இறங்கும் ஒவ்வொரு படியும் 'நூர்படி'; முறை 'நூர்படி எண்ணல்'.

முறைக்குத் 'துணையலகு எண்ணல்' என்ற பெயர் வேண்டாம். எல்லாக் காம்பராவிலும் விளக்கு எரியாதே! பச்சை ஒளிர்புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் ஒளிரும். நான்கு துணையலகு கொண்ட புரதத்தில் நான்கு படி தெரிய வாய்ப்பு 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது 41 சதவீதம். மூன்று படி தெரியவும் அதே 41! நாம் எண்ணுவது படிகளை. துணையலகுகளை அதிலிருந்து கணக்கிட்டுத்தான் எடுக்கிறோம்.

ஒன்று மிச்சம். சில மூலக்கூறுகள் அவிந்து மீண்டும் எரியும். நூர்தல் என்பதைத் திரும்பி வராததற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இதற்குக் 'கண்சிமிட்டல்' என்று சொன்னால் போதுமா?