ஏற்காடு ரோட்டோரம் மஞ்சள் பூ, மூன்று சிற்றிலை, குலுங்கும் காய்: ஆவாரையா, சணப்பா, வேறா?

காப்பிவேலி கேட்டது:

வணக்கம். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் ரோட்டில், காபித் தோட்ட வேலியோரத்திலும் மண் சரிந்த இடங்களிலும் ஒரு குத்துச்செடி அடர்ந்து கிடக்கிறது. ஆறிலிருந்து எட்டடி உயரம். ஒவ்வொரு இலையிலும் மூன்று சிற்றிலை. கிளை நுனியில் ஒரு சாண் நீளத்துக்குப் பூந்தண்டு, அதில் அவரைப்பூ வடிவத்தில் மஞ்சள் பூக்கள். காய் பச்சையில் ஊதினாற்போல உருண்டு இருக்கிறது. காய்ந்ததும் ஆட்டினால் கலகலவென்று சத்தம்.

அங்கே சிலர் மலை ஆவாரை என்கிறார்கள், சிலர் சணப்பு என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இதன் சரியான பெயர் என்ன? ஆவாரம்பூ மாதிரி இதையும் நிழலில் காயவைத்து டீ போடலாம் என்கிறார்களே, செய்யலாமா?

---

கொடியிதழ் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாங்க. பூவோ இலையோ விதையோ, எதுவும் வாயில் படக்கூடாது. காரணம் தெரிந்தவர்கள் கீழே விரிவாக எழுதுவார்கள், நான் செடிக்கு வருகிறேன்.

ஆவாரை இல்லவே இல்லை. ஆவாரை இலையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலை இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குத்திட்டு நிற்கும் சின்னச் சுரப்பி ஒன்றும், இலைக்காம்பின் அடியில் காது மடல் போல அகன்ற இலையடிச்செதிலும் உண்டு. பூவில் ஐந்து இதழும் விரிந்து, ஓரம் சுருங்கி, மகரந்தத்தாள்கள் வெளியே தெரியும். காய் காகிதம் மாதிரித் தட்டை. நீங்கள் சொன்ன செடியில் இதில் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் நிறம் ஒன்றுதான் பொருத்தம். அதை வைத்துப் பெயர் சொன்னால் சேலம் ஜில்லாவில் பாதிச் செடி ஆவாரையாகிவிடும்.

சணப்பும் இல்லை. வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்புக்கு ஒற்றை இலை, நீளமாக, குறுகலாக இருக்கும். மூன்று சிற்றிலை வராது. ஆனால் சணப்பு என்றவர்கள் வெகுதூரம் போய்விடவில்லை. இரண்டும் ஒரே பேரினம், க்ரோட்டலேரியா. தமிழில் கிலுகிலுப்பை.

மூன்று சிற்றிலையும் மஞ்சள் பூவும் துவரைக்கும் உண்டு. துவரைக் காய் தட்டையாகி, விதைக்கு விதை சாய்வாகப் பள்ளம் விழும்; ஊதாது. சந்தேகம் இருந்தால் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள், சண்டைக்கே இடமில்லை. நன்றாக மலர்ந்த பூ ஒன்றை எடுத்து, மேலே நிற்கும் அகன்ற கொடியிதழையும் பக்கத்துச் சிறகிதழ் இரண்டையும் கிள்ளிவிடுங்கள். மிஞ்சுவது படகிதழ். கிலுகிலுப்பையில் அது முழங்கை மாதிரி வளைந்து, நுனியில் அலகு போல நீண்டிருக்கும். அதன் அடிப்பக்கத்தைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்தினால், பற்பசை பிதுங்குவது போல அலகு நுனியில் மகரந்தம் மஞ்சளாக வெளியே வரும். தச்சுத்தேனீ வந்து உட்காரும்போது நடப்பதும் இதுதான். அதன் கனம் தாங்காமல் படகிதழ் தாழ்கிறது, மகரந்தம் வயிற்றில் ஒட்டுகிறது.

பிறகு படகிதழை ஊசியால் கீறுங்கள். பத்து மகரந்தத்தாளும் அடியில் ஒன்றாக ஒட்டி, மேல்பக்கம் பிளந்த ஒரே குழாயாக இருக்கும். பத்துக்கும் நுனியில் உள்ள மகரந்தப்பை ஒரே மாதிரி இருக்காது: ஐந்து நீளப் பை, ஐந்து உருண்டைப் பை, ஒன்று விட்டு ஒன்று. துவரையில் ஒன்பது ஒட்டி, ஒன்று தனியே நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும்.

பேரினம் உறுதியானால் அடுத்து இனம். இந்த மலையில் மூன்று சிற்றிலையும் மஞ்சள் பூவும் உள்ள கிலுகிலுப்பை ஒன்றுக்கு மேல் இருப்பதால், இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:

- புல்லிவட்டத்துக்குள்ளிருந்து (பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணம்) காய் புறப்படும் இடத்தில் தனிக் காம்பு இருக்கிறதா, எத்தனை மி.மீ.?
- காயின் நீளம், தடிமன்
- புல்லிவட்டத்தின் நீளம். அதில் முடி உண்டா
- சிற்றிலையின் அடிப்பக்கம் தடவினால் எப்படி இருக்கிறது
- பூந்தண்டு நுனியில், மொட்டுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது
- கொடியிதழில் செம்பழுப்புக் கோடுகள் உண்டா. பூ வயதானதும் நிறம் மாறுகிறதா

---

காப்பிவேலி எழுதியது:

அழுத்தினதும் மகரந்தம் பிதுங்கி வருகிறது. பைகளும் நீங்கள் சொன்னபடியே இரண்டு விதம்.

காய் மூன்றரை செ.மீ. நீளம், ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடத் தடிமன். தனிக் காம்பு இருப்பதாகவே தெரியவில்லை, இருந்தால் மூன்று நாலு மி.மீ. இருக்கும். புல்லிவட்டம் ஒரு செ.மீ., முடி உண்டு. சிற்றிலை அடிப்பக்கம் பட்டுப்போல வழவழக்கிறது. மொட்டுகளுக்கு அடியில் நூல் மாதிரி நீளமான செதில்கள் நீட்டிக்கொண்டு நிற்பதால் நுனி தலைவிரித்த மாதிரி இருக்கிறது. புதுப்பூ எலுமிச்சை மஞ்சள், கீழே இருக்கும் பழைய பூ ஆரஞ்சு. கோடுகள் பளிச்சென்று இல்லை.

---

கொடியிதழ் எழுதியது:

அப்படியானால் க்ரோட்டலேரியா மைக்கன்ஸ். பழைய புத்தகங்களில் க்ரோட்டலேரியா அனஜிராய்டஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

மற்றவை ஏன் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவருக்கு உதவும். சமவெளியிலும் மலையடியிலும் பரவலாக உள்ள க்ரோட்டலேரியா பல்லிடாவுக்கு எல்லாமே சின்ன அளவு: புல்லிவட்டம் 4 முதல் 6 மி.மீ., காய் 3 முதல் 5 செ.மீ. நீளம் இருந்தாலும் தடிமன் 8 மி.மீ.யைத் தாண்டுவது அரிது, கொடியிதழில் செம்பழுப்புக் கோடுகள் கண்ணில் அடிக்கும். காயை மட்டும் படம் எடுத்துப் போட்டால் இந்த இரண்டையும்தான் எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் அந்தக் குழப்பம் வராது. க்ரோட்டலேரியா லபர்னிஃபோலியாவில் இலை மொழுக்கென்று முடியில்லாமல் இருக்கும். படகிதழின் அலகு நீண்டு முறுக்கிக்கொண்டிருக்கும், காய்க்குப் புல்லிவட்டத்தைத் தாண்டி ஒன்றரை, இரண்டு செ.மீ. தனிக் காம்பு தொங்கும். அதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

மைக்கன்ஸ் நம்ம ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து டீ, காபித் தோட்டங்களுக்குப் பசுந்தாளாகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுவந்தது, தோட்டத்தை விட்டு வெளியேறி ரோட்டோரம் பிடித்துக்கொண்டது. நீங்கள் பார்த்த இடமே அதற்குச் சாட்சி: காபி வேலி, சரிந்த மண்.

ஒரு வேண்டுகோள். மலை உச்சிப் புல்வெளியிலோ பாறை இடுக்கிலோ மஞ்சள் பூ கிலுகிலுப்பை எதையாவது பார்த்தால், இதுவும் அதே களை என்று பிடுங்கிவிடாதீர்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய க்ரோட்டலேரியா ஷெவராயென்சிஸ் என்ற அரிய இனம் ஒன்று உண்டு. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கை வைக்காதீர்கள்.

---

சாமைக்காடு எழுதியது:

டீ விஷயத்தை நான் சொல்றேங்க. கிலுகிலுப்பை இனங்களில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள் இருக்கு. விதையில்தான் பெரும்பாலும் அதிகம். எந்த இனத்தில் எவ்வளவுங்கிறது மாறும். வயித்துக்குள்ள போனதும் அது நேரே நஞ்சா வேலை செய்யறதில்லை. கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகிற பொருள்தான் கல்லீரலோட நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்குது. வயிறு நீர் கோத்து உப்பும். கொஞ்சங்கொஞ்சமாக் குடிச்சாலும் சேதம் சேர்ந்துகிட்டே போகும், அதனால "ரெண்டு தடவை குடிச்சேன், ஒண்ணும் ஆகலை"ங்கிறதை யாரும் ஆதாரமா எடுத்துக்காதீங்க. காயவைச்சாலும் போகாது, கொதிக்கவைச்சாலும் போகாது. கஷாயத்தில் இறங்கத்தான் செய்யும். ஜமைக்காவில் 1950களில் குழந்தைகளுக்கு வந்த கல்லீரல் நோய்க்கு, இதே பேரினச் செடியில் போட்ட கஷாயம்தான் காரணம்னு மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க.

நம்ம மலைக்காரங்களுக்கு இதைவிட நெருக்கமான சேதி ஒண்ணு இருக்கு. 1970களில், இப்போ சத்தீஸ்கரில் இருக்கிற சர்குஜா பக்கம், சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்து, அதைச் சாப்பிட்ட ஊர்களில் இதே நோய் வந்து ஆட்கள் இறந்தாங்க. அது வேற இனம், குட்டையா வயலுக்குள்ளேயே முளைக்கிறது. ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலையில் சாமை போடறவங்க கதிர் அறுக்கிறதுக்கு முன்னாடியே வயலைச் சுத்திவந்து கிலுகிலுப்பையைப் பிடுங்கிடணும். களத்துக்கு வந்தப்புறம் புடைச்சுப் பிரிக்கலாம்னு விட்டா சின்ன விதை தப்பிச்சுக்கும். கிலுகிலுப்பை விதை அவரை வடிவத்தில் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சு பளபளன்னு இருக்கும். முறத்தில் ஒரு கைப்பிடியைப் பரப்பிப் பார்த்தா கண்ணுக்குத் தெரியும்.

போகிக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ தேடறவங்களும் கவனிங்க. கட்டறதுக்கு எந்தப் பூவானாலும் ஆபத்தில்லை. மிச்சப் பூவை அடுப்படிக்குக் கொண்டுபோறப்பதான் வம்பு.

---

வெந்தய வரியன் எழுதியது:

பூ இல்லாத காலத்தில் செடியைக் கண்டுபிடிக்க ஒரு வழி. வெந்தய வரியன், நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் கிலுகிலுப்பையின் வாடின தண்டையும் கீறல் விழுந்த காயையும் மொய்த்து உறிஞ்சும். அந்த ஆல்கலாய்டிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. பூவே இல்லாத காய்ந்த குச்சியில் பத்துப் பதினைந்து வரியன்கள் தொங்கினால் அருகே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கிலுகிலுப்பையாக இருக்கும். எருக்கில் மொய்ப்பது வேறு. அதன் பாலை வைத்தே தெரிந்துவிடும்.

---

காப்பிவேலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீ யோசனையைக் கைவிட்டாயிற்று, பறித்து வைத்திருந்தவர்களிடமும் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு: ஒரு மாதிரியைப் பதப்படுத்தி யாரிடமாவது உறுதி செய்துகொள்ள நினைக்கிறேன், எப்படி எடுப்பது? வேலியோரம் ஆடு மேய்கிறது, செடியை வெட்டிவிடலாமா?

---

கொடியிதழ் எழுதியது:

மாதிரி எடுப்பதானால் பட்டா நிலத்துச் செடியில், உடையவரைக் கேட்டு எடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது.

பூவும் காயும் சேர்ந்த கிளையாக ஒன்றரை அடிக்குள் வெட்டி, செய்தித்தாளில் விரித்து, ஒரு இலையின் அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து அழுத்துங்கள். கிலுகிலுப்பையில் தொல்லை கொடுப்பது காய்தான். ஊதின காயை அப்படியே வைத்தால் தாள் தூக்கிக்கொண்டு பக்கத்து இலையெல்லாம் சுருங்கிவிடும். ஒரு காயை நீளவாக்கில் பிளந்து வையுங்கள், மற்றதைக் காகித உறையில் தனியே போடுங்கள். ஒரு பூவைப் பிரித்து இதழ்களைத் தனித்தனியாகச் சின்ன அட்டையில் பரப்பிக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் தாளை முதல் மூன்று நாலு நாள் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துப் பூ கறுத்துவிடும்.

பூவின் நிறத்தை அன்றைக்கே எழுதுங்கள்; மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவது காய்ந்த மாதிரியில் தெரியாது. இடம், உயரம், தேதி, செடியின் உயரம் இவையும் வேண்டும். கோவை வேளாண் பல்கலை வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. அங்கே கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

---

சாமைக்காடு எழுதியது:

வெட்டலாங்க, பருவம்தான் முக்கியம். முதல் பூ எடுக்கிறப்போ, தண்டு இளசா இருக்கிறப்போ அடியோட அறுத்துக் காபிச் செடி மூட்டில் போட்டு மண் அணைச்சிடுங்க. நல்ல தழைச்சத்து, இதைக் கொண்டுவந்ததே அதுக்குத்தான். ஆடு எட்டுற இடத்தில் குவிச்சு வைக்காதீங்க, வாடின தழையிலும் நஞ்சு இருக்கு.

நெத்து கறுத்துக் குலுங்க ஆரம்பிச்சுட்டா அரிவாளை வைக்காதீங்க. வெடிச்சு விதை சிதறும். நெத்துக் கொத்தை மட்டும் முதல்ல சாக்குப்பைக்குள்ள வளைச்சு விட்டு நறுக்கி எடுங்க, அதை எரிச்சிடலாம், அப்புறம் செடியை வெட்டுங்க. விதைத்தோல் கெட்டி, ஏற்கெனவே மண்ணில் விழுந்தது எல்லாம் ஒரே மழைக்கு முளைக்காது. அதனால ரெண்டு மூணு பருவத்துக்கு, வைகாசி, ஆனி மழைக்கு முளைச்சதும் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை கையால பிடுங்கிட்டு வாங்க.