புதுப்பிப்பு: அம்மாவுக்கு வாயுக்கோளாறு இல்லை, குடலடைப்பு

போன வாரம் கேட்டிருந்தேன்: தக்கலையில் அம்மாவுக்கு வயிறு உப்பி, விட்டுவிட்டு வலி, பச்சையாக வாந்தி, வாயுக்கோளாறா என்று. "ஓமத்தண்ணீரோடு நிற்காதே, உடனே கூட்டிப்போ" என்று எழுதியவர்களுக்கு நன்றி. அது சிறுகுடல் அடைப்பு.

22 வருடத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. உள்ளே ஆறிய தழும்பு நார்போலக் குடலில் ஒட்டி, ஓரிடத்தில் மடக்கிவிட்டது. சிறுகுடல் அடைப்புக்கு இதுதான் மிகப் பொதுவான காரணமாம். இத்தனை வருடம் கழித்தா என்று நம்பவே முடியவில்லை.

நாகர்கோவிலில் எடுத்த எக்ஸ்ரேயில் குடல் முழுக்கப் படிப்படியாக நீர்மட்டம், அதன்மேல் காற்று; அது அடைப்பின் அடையாளமாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டதும் பை நிறையப் பச்சைத் தண்ணீர் இறங்கியது. வாய்வழி ஒன்றும் கிடையாது, டிரிப் மட்டும். மூன்றாம் நாள் விடியற்காலை அம்மா என் கையைப் பிடித்து, "மக்களே, வாயு பிரிஞ்சுது" என்றார். அடைப்பு விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அழுதுவிட்டேன்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் வலி விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து இருந்து, காய்ச்சலும் சேர்ந்தால் குடலுக்கு ரத்தம் தடைபட்டிருக்கலாம். அப்போது காத்திருக்கவே முடியாது. அப்புறம், முதல் நாள் நான் பேதி மாத்திரை கொடுத்தது பெரிய தவறு. அடைப்பு இருக்கும்போது அது ஆபத்து.

இப்போது கஞ்சித்தெளிவுதான். பனங்கிழங்கு மாதிரி நாருள்ளவை கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றிருக்கிறார் டாக்டர்.